ஓசூர் ஏரிகளின் கதி

தென்பெண்ணை ஆற்றில் நுரை பொங்குகிறது என்னும் செய்தி நமது வாசகர்களுக்குப் புதிதன்று. நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் இந்நதி பெங்களூரின் கிழக்குப் புறத்தைச் சுற்றிக்கொண்டு, கொடியாளம் அருகே நமது எல்லைக்குள் புகுகிறது. சிறிது தூரத்தில் கெலவரப்பள்ளி அணை அதைத் தேக்குகிறது. மேலே மழை பெய்து, 44.28 அடி உயரமுள்ள அவ்வணையின் மதகுகளைத் திறக்க நேரும்போதெல்லாம் பஞ்சுப்பொதி போல் நுரை எழும்பித் தட்டிகானப்பள்ளித் தரைப்பாலத்தை மூடிவிடுகிறது. காற்றில் பறந்து வயல்களிலும் விழுகிறது. நாற்றம் சொல்லத் தரமன்று. பத்திரிகைகள் படம் போடுகின்றன. அதிகாரிகள் வந்து புட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகிறார்கள். கர்நாடக சர்க்காருக்குக் கடிதம் போகிறது. அடுத்த மழைக்கு நுரை மறுபடியும் வருகிறது.

நுரை கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அந்த நுரைக்கு அடியில், ஆற்றங்கரையிலும் ஏரி வயிற்றிலும் கிடக்கும் சேற்றைப் பற்றிப் பேசுவார் இல்லை. உலகத்தின் வெப்பம் ஏறிக்கொண்டு வருகிறது, அதற்குக் காரணமான கரியமிலவாயுவைக் குறைக்க வேண்டும் என்று சட்டசபைகளிலும் சர்வதேச மகாநாடுகளிலும் பேசப்படும் இக்காலத்தில், ஓசூர், கிருஷ்ணகிரிப் பிரதேசத்தின் ஏரிச் சேறு ஒரு பெரிய ராஜ்ய விவகாரம் என்பதே நமது அபிப்பிராயம். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்குமாறு அவர்களை வேண்டுகிறோம்.

செடி கொடிகள் காற்றிலிருக்கும் கரியமிலவாயுவை உண்டு, அதிலுள்ள கரியைத் தம் உடலாக்கிக்கொள்கின்றன. அவை மடிந்து காற்றுப்பட மக்கினால், அந்தக் கரி மறுபடியும் வாயுவாகி மேலே போய்விடுகிறது. நீரில் மூழ்கிக் காற்றுப்படாமல் கிடந்தால் முழுவதும் மக்குவதில்லை. அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்து நிலத்திலேயே தங்கிவிடுகிறது. குளிர்ந்த தேசங்களிலும், சில வெப்ப தேசங்களின் சதுப்புகளிலும் இப்படி ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் திரண்டு நிற்கும் கருமண்ணை ஆங்கிலேயர் 'பீட்' என்பர். நாம் கரிச்சேறு என்று வழங்குவோம். அது வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். ஓர் ஆள் உயரம் வளர ஒன்றரை ஆயிரம் வருஷமாவது செல்லும். உலகின் நிலப்பரப்பில் நூற்றுக்குச் சுமார் 3 பங்கே உள்ள இந்தக் கரிச்சேற்று நிலங்கள், உலகத்துக் காடுகளிலுள்ள மரஞ்செடிகள் அனைத்தும் தாங்கும் கரியைவிட அதிகமான கரியைத் தம்முள் அடக்கியிருக்கின்றன. அவற்றின் நீரை வடித்துவிட்டாலோ, காற்றுப்பட்ட மறுகணமே கரைய ஆரம்பிக்கின்றன. மனிதர் செயலால் வெளிப்படும் கரியமிலவாயுவில் நூற்றுக்கு 4, 5 பங்கு இவ்விதம் வடிக்கப்பட்ட நிலங்களிலிருந்து வருவதாக விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கின்றனர்.

நமது நாட்டிலும் கரிச்சேறு உண்டு. நீலகிரியின் உச்சிப் பள்ளத்தாக்குகளில், புல்வெளிக்கும் சோலைக்கும் நடுவே அது கிடக்கிறது. பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த ராமன் சுகுமாரும் அவருடைய சகாக்களும் நீலகிரிக் கரிச்சேற்றைத் தோண்டியெடுத்து ஆராய்ந்து, 20,000 வருஷத்து மழையும் வறட்சியும் அதில் எழுதியிருக்கக் கண்டு 1993-ல் 'நேச்சர்' பத்திரிகையில் வெளியிட்டனர். வேறெந்த ஏட்டிலும் இல்லாத சரித்திரம் அது. வெள்ளைக்காரன் அந்தப் பள்ளங்களைப் பாழ்நிலம் என்று எழுதினான். புல்வெளிகளில் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் நட்டான். சதுப்புகளை வடித்துத் தேயிலையும் உருளைக்கிழங்கும் வைத்தார்கள். சுயராஜ்யம் வந்த பிறகும் நாம் அந்தக் கணக்கை மாற்றவில்லை. ஈரநிலத்தைப் பாழ் என்று எழுதும் பேனா கைமாறியதே தவிர மை மாறவில்லை.

அந்த மையினால் எழுதியவற்றுள் மிகப் பெரிய தவறு இந்தோனேசியாவில் நிகழ்ந்தது. 1995-ல் சுஹார்த்தோவின் ஆட்சி, மத்திய காலிமந்தானிலுள்ள 10 லட்சம் ஹெக்டேர் நிலத்தை, அதில் பெரும்பகுதி கரிச்சேறு, நெல்வயலாக்கப் போவதாக அறிவித்தது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்கள் வெட்டப்பட்டன. கால்வாய்கள் நீரைக் கொண்டுவரவில்லை. இருந்த நீரை வடித்துவிட்டன. நெல் விளையவில்லை. காய்ந்த சேறு 1997-ல் தீப்பற்றி மாதக்கணக்கில் எரிந்தது. 2015-ல் மறுபடியும் எரிந்தது. புகை கடல் கடந்து சிங்கப்பூரையும் மலேயா நாட்டையும் மூடியது. அங்கு வாழும் நம் தமிழ்ச் சகோதரர் எத்தனையோ பேர் பள்ளிக்கூடம் மூடி, மூக்கைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர். 2016-ல் இந்தோனேசிய சர்க்கார் கரிச்சேற்று நிலங்களைச் சீர்திருத்தத் தனி இலாகா ஒன்றை ஏற்படுத்தி, வெட்டிய கால்வாய்களையே அடைக்கும் வேலையில் இறங்கிற்று. வெட்டவும் பணம், அடைக்கவும் பணம்.

இனி நமது ஓசூருக்குத் திரும்புவோம். ஓசூர் ஏரியின் சேறு நீலகிரிக் கரிச்சேறு அன்று. அப்படிச் சொல்லி யாரையும் மயக்க நாம் விரும்பவில்லை. இங்குள்ள ஏரிகள் நமது முன்னோர் கட்டியவை. தாழ்ந்த பள்ளங்களின் குறுக்கே கரை போட்டு, ஓர் ஏரியின் கலிங்கில் வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலி போல் கோத்திருக்கிறார்கள். கோடையில் வற்றும், மழையில் நிறையும். ஆயினும் இயற்கையின் விதி ஒன்றே. கரையோரத்துக் கோரையும் சம்பும், மேட்டு நிலத்திலிருந்து அடித்துவரும் தழையும் சருகும் ஏரி வயிற்றில் படிந்து வண்டலாகின்றன. அந்த வண்டலில் கரி நிற்கிறது. இதை விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டியதில்லை. கோடையில் வண்டி கட்டிப் போய் ஏரி வண்டலை அள்ளிக் கேழ்வரகுக் கொல்லைக்கு அடித்த குடியானவன், அது உரமென்று அறிந்தே அடித்தான். கொல்லையின் மண்ணும் கொழுத்தது. ஏரியின் ஆழமும் நின்றது. இதனினும் சிக்கனமான ஏற்பாட்டை நாம் அறியோம்.

இந்த ஏற்பாடு இரண்டு விதத்தில் கெடுகிறது. ஒன்று, ஏரியைத் தூர்த்து மேடாக்கிக் கட்டடம் எழுப்புவது. அப்போது சேறு தோண்டி எறியப்பட்டுக் காற்றிலும் வெயிலிலும் காய்ந்து, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த கரி புகையில்லாத நெருப்பாய்ப் போய்விடுகிறது. மற்றொன்று, ஏரி இருக்க, அதில் சாக்கடையை விடுவது. இது முன்னதைவிட மோசம். சாக்கடையிலுள்ள உரச்சத்தால் ஆகாயத்தாமரை மண்டுகிறது. அது அழுகி நீரிலுள்ள பிராணவாயுவைக் குடித்துவிடுகிறது. பின்பு அடிச் சேற்றிலிருந்து மீதேன் என்னும் சேற்றுவாயு கிளம்புகிறது. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் அது கரியமிலவாயுவைவிடப் பல மடங்கு கொடியது. ஆகவே, ஏரியில் ஏதோ ஒரு நீர் நின்றால் போதுமென்று இருப்பதற்கில்லை. சுத்தமான நீர் நின்றால் அது கரியைக் காக்கும் களஞ்சியம். சாக்கடை நின்றால் அதே ஏரி விஷவாயு உலை.

இதற்குச் சாட்சி தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரின் பெல்லந்தூர் ஏரி தண்ணீராயிருந்தும் 2015-லும் 2017-லும் 2018-லும் தீப்பற்றியது. ஏரியில் தீ! சேற்றுவாயு என்றார்கள் சிலர். கொட்டிய குப்பையும் காய்ந்த புல்லும் என்றார்கள் சிலர். எதுவாயினும், எரிந்தது ஏரி. அந்த ஏரியின் வழிநீர் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில் சேர்ந்து நம்மிடம் வருகிறது. துணி துவைக்கும் சவர்க்காரப் பொடிகளின் கழிவு ஏரிச் சேற்றில் படிந்து கிடந்து, பெருமழை பெய்து கலங்கும்போது வெளிப்பட்டு நுரைக்கிறது என்று இந்திய விஞ்ஞான நிலையத்தார் ஆராய்ந்து சொல்லியிருக்கின்றனர். கெலவரப்பள்ளி மதகில் நாம் பார்க்கும் நுரை பெங்களூரில் கெட்டுப்போன சேற்றின் வாய்மொழியே.

கர்நாடக சர்க்கார் இதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். 1974-ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இரண்டு ராஜ்யங்களுக்கும் பொது. ஒரு கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் நகரத்தின் கழிவைக் கீழேயிருப்பவன் தலையில் இறக்கிவிட உரிமை கொடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் இவ்விஷயத்தில் நமது சர்க்காரின் போக்கையும் சொல்லாமல் விட முடியாது. தென்பெண்ணையைப் பற்றி நமது சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் நடத்திய வழக்கு நீரின் அளவைப் பற்றியதே. சென்னை ராஜதானிக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டி, மார்க்கண்டேய நதியில் யார்கோல் அணை கட்டுவதைத் தடுக்கக் கேட்டோம். சுப்ரீம் கோர்ட்டு 2019 நவம்பரில் அதை நிராகரித்து, நடுவர் மன்றத்தை நாடுங்கள் என்றது. எவ்வளவு தண்ணீர் என்று வழக்காடிய அளவுக்கு எப்படிப்பட்ட தண்ணீர் என்று நாம் வழக்காடவில்லை. நாற்றமெடுத்த நீர் எத்தனை டி.எம்.சி. வந்தால் என்ன?

கன்னட சகோதரர்மீது துவேஷத்தைக் கிளப்புவது நமது நோக்கமன்று. பெல்லந்தூர்க் கரையில் குடியிருப்பவன் நமக்கு முன்பே அந்தப் புகையைச் சுவாசித்தவன். ஓசூரின் வீதிகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே கடையில் பேரம் பேசுகின்றன. எல்லைக்கோடு ஜனங்களைப் பிரிக்காத இடம் இது. அந்த நல்லுறவை வைத்துக்கொண்டே கணக்குக் கேட்கலாம்; கேட்க வேண்டும்.

அண்டை வீட்டாரைக் கேட்குமுன் நம் வீட்டு முற்றத்தையும் பார்ப்போம். ஓசூர் நகரத்துக்குள்ளேயே ராமநாயக்கன் ஏரியும் சந்திராம்பிகை ஏரியும் இருக்கின்றன. 2019-ல் ஊர் மாநகராட்சி என்னும் பட்டம் பெற்றது. பட்டம் வந்ததே தவிர, நகரத்துச் சாக்கடை ஏரியில் கலக்கிறதென்னும் பழைய முறையீடு ஓய்ந்தபாடில்லை. பெங்களூரைக் குறை சொல்லும் வாயை நமது சாக்கடையே அடைக்கிறது. இதைவிட வெட்கம் வேறு வேண்டுமா?

1971-ல் சிப்காட் ஸ்தாபனம் தோன்றிய பிறகு ஓசூர் அடைந்த வளர்ச்சியை நாம் மறுக்கவில்லை. அசோக் லேலண்ட் லாரியும் டி.வி.எஸ். மோட்டார் சைக்கிளும் டைட்டன் கடிகாரமும் இவ்வூரின் பெயரைத் தேசமெங்கும் கொண்டுபோயின. இப்பொழுது சூளகிரி, போச்சம்பள்ளி, பர்கூர் என்று யந்திரசாலைகள் பரவியிருக்கின்றன. பெட்ரோல் புகையைக் குறைக்கும் மின்சார வண்டிகளும் இந்த ஜில்லாவிலேயே செய்யப்படுகின்றன, பெருமைப்பட வேண்டியதே. வண்டியில் மிச்சமாகும் கரியை ஏரியில் தோற்றுவிடக் கூடாதென்றுதான் சொல்கிறோம்.

அவ்விதம் தோற்பதற்குச் சட்டமே வாசல் திறந்து வைத்திருக்கிறது. மத்திய சர்க்கார் 2017-ல் செய்த ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைப் படித்துப் பாருங்கள். பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் கட்டிய நீர்நிலைகள் 'ஈரநிலம்' என்னும் சொல்லின் பொருளில் சேரமாட்டா என்று அதில் விலக்கு உண்டு. தமிழ்நாட்டின் ஏரிகள் எல்லாம் பாசனத்துக்கென்றே கட்டியவை! நூற்றாண்டுக் கணக்காய் நின்று, நாரையும் யானையும் வந்து இறங்கும் ஏரி ஈரநிலமன்றாம். ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வருஷந்தோறும் வந்துபோகும் யானைக் கூட்டத்துக்கு இந்த விதியை யார் படித்துக் காட்டுவது? நமது ராஜ்ய சர்க்கார் 2021-22 முதல் ஐந்து வருஷத்தில் 100 ஈரநிலங்களைச் சீர்திருத்துவதென ஓர் இயக்கம் வகுத்தது, நல்ல காரியம். ராம்சார் என்னும் சர்வதேசப் பட்டியலில் தமிழ்நாட்டு ஈரநிலங்களின் எண்ணிக்கை 2025 பிப்ரவரியில் 20 ஆயிற்று. அதுவும் நல்ல காரியம். அந்த 20-ல் கிருஷ்ணகிரி ஜில்லாவின் நீர்நிலை ஒன்றுகூட இல்லை.

இதற்கு நேர்மாறாக, 2023 ஏப்ரலில் சட்டசபையில் விசேஷத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் நிறைவேறிற்று. 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்தின் நிலத்துக்குள் ஏரியோ குளமோ ஓடையோ அகப்பட்டால், அதையும் திட்டத்தோடு ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. நீரின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வோம் என்று இச்சட்டத்தை ஆதரிப்போர் சமாதானம் சொல்கிறார்கள். இங்கே வைத்த குழியை அங்கே வெட்டினால் கொள்ளளவு சரியாய் இருக்கலாம். முந்நூறு வருஷத்து வண்டலை எந்த யந்திரத்தால் வெட்டிக் கொண்டுபோய் வைப்பார்கள்? வரத்துக்கால்வாயையும், அதன் மேலேயுள்ள ஏரியையும் கீழேயுள்ள ஏரியையும் கூடவே தூக்கிக்கொண்டு போவார்களா? ஏரியை ஒரு தொட்டியாக மட்டும் பார்க்கும் எஞ்ஜினீயர் புத்தி இது.

இதே புத்திதான் 'ஏரிச் சீரமைப்பு' என்னும் பெயரால் நடக்கும் பல காரியங்களிலும் காணப்படுகிறது. பெரிய யந்திரத்தை இறக்கி, கரையோரத்துக் கோரையைச் சுரண்டி, வயிற்றைச் சட்டி போல் தோண்டி, கரைக்குக் கல் பதித்து, நடைபாதையும் விளக்கும் வைத்து, மந்திரி ஒருவரைக் கொண்டு திறக்கிறார்கள். சாயங்காலத்தில் உலாவச் சௌகரியம்தான். ஆனால் கோரையிருந்த ஓரம் போயிற்று. சாக்கடை வந்துசேரும் வாய் அப்படியே இருக்கிறது. வண்டலைக் குடியானவனுக்கு அளவாகக் கொடுத்தால் அவனுடைய கொல்லையில் அது மண்ணாக நிற்கும். செங்கல் சூளைக்குக் கொடுத்தால் எரிந்துபோகும். ஏரியை மீட்பதென்றால் முதலில் சாக்கடையைத் தடுப்பது, பிறகு வரத்துக்கால்வாயைத் திறப்பது, ஆழமில்லாத ஓரத்தைக் கோரைக்கு விட்டுவிடுவது, பிறகு பொறுத்திருப்பது. திறப்பு விழாவுக்கு இதில் இடமில்லை. அதனாலேயே இதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் உற்சாகம் வருவதில்லை போலும்.

"ஏரியைப் பார்த்தால் வேலை எங்கிருந்து வரும்? தொழிற்சாலை ஆந்திராவுக்குப் போய்விடுமே!" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான பயமே. ஆனால் தண்ணீரில்லாத ஊரில் எந்தத் தொழிற்சாலை நிலைக்கும்? 2024 கோடையில் பெங்களூர் குடிநீருக்குத் தவித்ததைக் கண்ணால் கண்டோம். ஏரிகளைத் தூர்த்து வளர்ந்த நகரம் அது. வருமானம் போகுமென்னும் பயத்தை இந்த மண் முன்னொரு முறையும் கேட்டிருக்கிறது. ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878-ல் பிறந்த ராஜாஜி, 1937-ல் சென்னை ராஜதானியின் பிரதம மந்திரியானதும் மதுவிலக்கை முதன்முதலில் அமல் நடத்த எடுத்துக்கொண்டது சேலம் ஜில்லாவை. ஓசூரும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்தவை. கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானா காலியாகும் என்று அன்றும் சொன்னார்கள். அவர் வருமானத்தை விட்டார். 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்து ஈடு செய்தார். மதுவிலக்கைப் பற்றி வாசகர்களுக்குப் பல அபிப்பிராயம் இருக்கலாம். பொது நன்மைக்காகக் கைக்கு வந்த காசை விடத் துணிந்த மந்திரிசபை ஒன்று இருந்தது என்பதையே நாம் எடுத்துக் காட்டுகிறோம்.

இப்போது நமது சர்க்கார் செய்யக்கூடியவை அரிய காரியங்களல்ல. கொடியாளத்தில் ஆறு எல்லை கடக்கும் இடத்தில் இரண்டு ராஜ்யங்களின் அதிகாரிகளும் சேர்ந்து நீரைச் சோதித்து, பிராணவாயு எவ்வளவு, சவர்க்காரக் கழிவு எவ்வளவு என்று தினந்தோறும் பிரசுரிக்கட்டும். தவறு யாருடையதென்று ஊகிக்க வேண்டிய அவசியம் அன்றே தீரும். மத்திய விதியில் பாசன ஏரிக்கு இடமில்லையென்றால், நமது சட்டசபை தனிச் சட்டத்தால் இடம் கொடுக்கட்டும். ஓசூர் மாநகராட்சி, ஏரிக்குள் சாக்கடை விழும் வாய்கள் எத்தனை, அவற்றில் எத்தனை அடைக்கப்பட்டன என்று மாதந்தோறும் கணக்கு வெளியிடட்டும்.

எல்லாவற்றினும் அவசரமானது ஒன்று. ஓசூரில் 2,000 ஏக்கரில், வருஷத்துக்கு 3 கோடிப் பிரயாணிகள் வந்துபோகத்தக்க விமான நிலையம் அமைக்கப்படுமென்று முதலமைச்சர் திரு. ஸ்டாலின் 2024 ஜூன் 27-ஆம் தேதி சட்டசபையில் அறிவித்தார். ஏரியும் ஓடையும் பின்னிக் கிடக்கும் இந்தப் பூமியில் 2,000 ஏக்கரை ஒருசேர வளைத்தால், நீர்வழி எதுவும் அகப்படாமல் இராது. எந்தச் சர்க்கார் அதைக் கட்டினாலும், நிலம் அளப்பதற்கு முன் அதற்குள் வரும் ஏரி எத்தனை, குட்டை எத்தனை, வரத்துக்கால்வாய் எவ்வளவு நீளம், அவற்றின் கீழ் எந்தெந்த ஊர் ஏரிகள் நிரம்புகின்றன என்று வரைபடம் போட்டு, தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அச்சிட்டு, அந்தந்தக் கிராமச் சாவடியில் ஒட்ட வேண்டும். கிராம சபை கூடிக் கலைந்த பிறகு ஒட்டுவதில் பயனில்லை. கூடுவதற்கு ஒரு மாதமாவது முன்னதாக ஒட்ட வேண்டும்.